வைஃபை பெட்டியின் ஊசி ஓட்டை

ஜூன் 1, ஞாயிறு

மூத்த பேத்தி சிந்துஜா ஈரோட்டில் பல் டாக்டர். சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்து, பெயர்ப் பலகைக்கு லைட்டும் போட்டிருக்கிறாள். மகள் வழிப் பேரன் அபிநவ் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல். பேப்பரில் படம் வந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் இருந்த பேப்பரை எல்லாம் வாங்கிவிட்டேன், மற்றவர்கள் அன்றைக்குச் செய்தி எங்கே படித்தார்களோ தெரியாது. அவன் தங்கை கீர்த்தி நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கிய பிள்ளை வயதைக் குறைத்துச் சொன்னதாகக் கேள்வி.

எல்லாருக்கும் மேலே என் தரணி. மகன் சென்னியப்பனின் ஒரே பையன். கோயமுத்தூரில் அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போனதால், ஒன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை தாராபுரத்தில் இந்த வீட்டில், என் கைச் சோறு தின்று வளர்ந்தவன். கனடாவில் மேல்படிப்பு முடித்து அங்கேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கோட் போட்டு எடுத்த படம் ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் படித்தது அஞ்சாவது வரை. இதையெல்லாம் எழுதும்போது மட்டும் கை நிற்காமல் ஓடுகிறது.

போகும்முன் எல்லாம் அவனே மாட்டிக் கொடுத்தான். வைஃபை பெட்டி, கேட் காமிரா, எனக்கு ஒரு டேப். டிவியிலேயே முகம் தெரிகிற மாதிரி அதற்கும் இணைப்புக் கொடுத்தான். வைஃபைக்கு ஒரு பெயர் வேண்டுமாம். இங்கிலீஷ் எழுத்தில் ‘தெய்வாத்தா கோட்டை’ என்று என் பெயரையே வைத்தான். பாஸ்வேர்டு நாங்கள் வளர்த்த எருமையின் பெயரும் கதவு நம்பரும். எருமையின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவன் டிவியில் வருவான். தெருப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பருப்பும் வெல்லமும் வைத்துச் சுட்ட ஒப்பிட்டு கொடுப்பேன். அவர்கள் பனி காட்டச் சொல்வார்கள், சம்பளம் கேட்பார்கள், கல்யாணம் எப்போது என்பார்கள். கடைசியாக வந்தபோது கோட் போட்டிருந்தான். பின்னால் வெறும் சுவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் எதற்குக் கோட் என்று எதிர்வீட்டுப் பூங்கோதை கேட்டாள். பெரிய வேலை என்றால் அப்படித்தான் என்றேன்.

போன வாரம் அவன் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. நான் அனுப்பும் செய்திகளுக்கு ஒரு டிக்தான் விழுகிறது.

ஜூன் 3, செவ்வாய்

தேங்காய் பறிக்க ஆள் வந்தான். டேப்பைப் பத்துத் தடவை பார்த்தேன். ஒரு டிக்.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கும் இல்லை. ஏழு பேர் வந்து ஒப்பிட்டுத் தட்டு காலியாகும்வரை டிவியில் நீலத்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகும்போது பூங்கோதை சொன்னாள்.

“பெரிய எடத்துக்குப் போயிட்டா அப்படித்தானுங்க்கா. என்ற பையன் அரிசிக் கடையில நிக்கறான், கூப்புட்டா ஓடி வந்தர்றான். படிக்காததுல அது ஒரு சௌகரியம்.”

நான் சிரித்துக்கொண்டேன். பெட்டியில் கோளாறு, நெட் இழுக்கவில்லை என்றேன். சொன்னதும் எனக்கே அது சரியென்று பட்டது. தரணி வராமல் இருப்பானா? வர முடியாமல் இந்தப் பெட்டிதான் தடுக்கிறது.

அவர்கள் போனதும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. “அப்பத்தா, எது வேணா பண்ணுங்க, இதுல மட்டும் எதையும் விட்றாதீங்க. விட்டா எல்லாத்தையும் மறந்துரும், பொறந்த கொழந்தையாட்டம் ஆயிரும்” என்று தரணி அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. பிறந்த குழந்தையாக ஆனால் நல்லதுதானே, கோளாறும் மறந்துவிடும் என்று நினைத்து, சேலை ஊக்கைக் கழற்றி உள்ளே விட்டு அழுத்தினேன். விளக்கெல்லாம் ஒரு தடவை அணைந்து, திரும்ப வந்தது. ஒன்று மட்டும் சிவப்பு.

ஜூன் 9, திங்கள்

சிவப்பு போகவில்லை. டேப்பில் நெட் இல்லை, டிவி இல்லை, கேட் காமிராவும் கண் மூடிவிட்டது. கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டேன். ரிப்பேர் பார்க்கிற ஜபருல்லா வருவாராம்.

ஜூன் 12, வியாழன்

ஜபருல்லா வந்தார். நாற்பது வயது மனிதர், இடுப்பில் ஒரு போன், காதில் ஒரு போன். பெட்டியைப் பார்த்ததும், யார் ரீசெட் பண்ணியது என்று கேட்டார். பல்லி என்றேன்.

ஆபீசுக்குப் பேசி ஏதோ யூசர் நேம் வாங்கி அடித்தார். சிவப்பு பச்சையானது. புதுப் பெயர் என்ன வைக்கட்டும் என்றார். பழைய பெயர்தான் வேண்டும், எழுத்துகூட மாறக்கூடாது என்றேன். பெட்டி மறந்துவிட்டதே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றார். பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று எனக்கு என்ன தெரியும்? அப்போது அவரே டேப்பை வாங்கி எதையோ தட்டினார். பெட்டி மறந்த பெயரும் பாஸ்வேர்டும் டேப்பில் அப்படியே இருந்தன.

“பேரும் பாஸ்வேர்டும் பழசே இருந்தா நல்லதுதானுங்க ஆத்தா. வீட்டுல ஏற்கெனவே ஒட்டியிருந்த டிவி, காமிரா, போனு எதுவா இருந்தாலும் கேக்காமயே வந்து ஒட்டிக்கும்.”

தரணியின் போன்கூடவா என்றேன். இந்தத் தெருவுக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்றார். கனடாவில் இருந்தால் ஒட்டாது என்று சிரித்தார்.

ஒரு டிக் என்றால் என்ன அர்த்தம் என்றும் கேட்டுக்கொண்டேன். அந்தப் போனுக்கு நெட் கிடைக்கவில்லை என்று அர்த்தமாம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு நெட் கிடைக்காதா?

ஜூன் 15, ஞாயிறு

எல்லாம் வேலை செய்தது. டிவி பளிச்சென்று இருந்தது. காமிராவில் கேட்டுக்கு முன்னால் படுத்திருந்த நாயின் காது தெரிந்தது. ஆறு மணியானது. ஆறரை ஆனது. அவன் வரவில்லை.

கனடாவில் பனிப்புயலாம், கரண்ட் இல்லையாம் என்று பெண்களிடம் சொன்னேன். ஜூன் மாசத்திலயா என்று பூங்கோதை கேட்டாள்.

ஜூன் 16, திங்கள்

சென்னியப்பனுக்குப் போன் செய்தேன். தரணிக்கு ஏதோ ப்ராஜெக்ட், வேறு ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றான். எந்த ஊர் என்றால் சொல்லத் தெரியவில்லை. நான் குரலை உயர்த்தினேன். அந்தப் பக்கம் யாரோ இருமியது கேட்டது. கோகிலாவா என்றேன். ஆமாம் என்றான். மருமகள் இருமி நான் கேட்டிருக்கிறேன், அவளுக்கு அப்படி வராது. சின்னதில் தரணிக்குத்தான் அந்த மாதிரி வறட்டு இருமல் வரும். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான்.

அவர்கள் தெருவிலும் தூசி அதிகம். கோகிலாதான் இருக்கும்.

ஜூன் 19, வியாழன்

கடைக்குப் போனால் தரணி வந்தானா என்று கேட்கிறார்கள். ரேஷன் கடையிலும் கேட்டார்கள். இத்தனை பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானமே ஒப்பிட்டுக்கு மாவு பிசைந்தேன், கை நின்றுவிட்டது. இன்றைக்கும் எல்லாம் நன்றாக இருந்து அவன் மட்டும் வராமல் இருந்தால் யார் முகத்தை நான் பார்ப்பது?

ஐந்து மணிக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எப்படி என்று தெரியவில்லை. தரையில் ஒரு ஊக்கு கிடந்தது, எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டேன்.

பெண்கள் வந்ததும் சிவப்பு விளக்கைக் காட்டினேன். ஐயோ பாவம் என்று ஆளுக்கு இரண்டு ஒப்பிட்டு தின்றுவிட்டுச் சீக்கிரமே எழுந்தார்கள். நிம்மதியாக இருந்தது.

ஜூன் 23, திங்கள்

பூங்கோதை காலையிலேயே வந்தாள்.

“அக்கா, நேத்து நாங்கெல்லாம் உள்ள ஒக்காந்திருந்தம் பாருங்க, அப்ப உங்க கேட்டுக்கு எதுத்தாப்ல, வேப்ப மரத்தடில ஒருத்தன் நின்னானாமா. என்ற பையன் பாத்திருக்கறான். தாடி, அழுக்குப் பையி. ரொம்ப நேரம் உங்க வீட்டையே பாத்துட்டு நின்னானாம். இவன் யார்ரான்னு கேக்கப் போனதும் போயிட்டானாமா. காமிரால பாருங்க.”

காமிரா ஓடவில்லை என்றேன். பெட்டி கோளாறுதானே.

தனியாக இருக்கிற கிழவி என்று நோட்டம் பார்த்திருக்கிறான். கடைக்குப் போய்ப் பெரிய பூட்டாக வாங்கி வந்து கேட்டில் போட்டுவிட்டேன். என் கோட்டையில் எவன் நுழைகிறான் பார்க்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

மகன் தானாகவே போன் செய்தான். அவன் தானாகச் செய்தால் நல்ல செய்தியாக இருக்காது. தரணி அங்கே வந்தானா என்று கேட்டான். கனடாவில் இருப்பவன் இங்கே எப்படி வருவான் என்றேன். பிறகு சொன்னான்.

“அம்மா, அவன் வந்து ஒரு மாசம் ஆகுதுங்க. வேலை போயி நாலஞ்சு மாசமாச்சு, விசாவும் முடிஞ்சுபோச்சு. நான் கொஞ்சம் பேசிட்டேன். சனிக்கிழமை பையைத் தூக்கிட்டுப் போனவன் இன்னும் வரலை. போனும் அந்த ஊர் நம்பர்தான், இங்க எடுக்காது, எங்க வீட்ல வைஃபையும் இல்ல.”

“எங்கிட்ட எதுக்குடா சொல்லல?”

“உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னுதானுங்க சொன்னான். நீங்கதான் ஞாயித்துக்கிழமையானா ஊரையே கூட்டி ஒக்கார வெச்சிருப்பீங்களே. அத்தன பேரு முன்னாடி கோட்டு போட்டுட்டு ஒக்காரறதுக்குச் செத்துப்போலாம்னு கோகிலாகிட்ட சொன்னானாம்.”

போனைக் கீழே வைக்கும்முன் ஒன்று மட்டும் கேட்டேன். பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்று.

ரொம்ப இளைத்துவிட்டானாம். தாடி விட்டிருக்கிறானாம்.

அதே நாள்

தாடி.

ஜூன் 25, புதன்

கேபிள் ஆபீசுக்குப் போன் மேல் போன். எங்கேயோ ரோடு தோண்டும்போது ஒயர் அறுந்துவிட்டதாம், பாதி ஊருக்கு நெட் இல்லையாம், ஜபருல்லா அங்கே இருக்கிறாராம். நானும் கெஞ்சினேன். இந்த வயதில் ஒரு பெட்டிக்காக யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. போன் எடுத்த பெண், நாடகம் பார்க்கணுங்களா பாட்டி என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன்.

பூங்கோதையின் பையனிடம் அந்த ஆள் எந்தப் பக்கம் போனான் என்று கேட்டேன். ஆத்துப் பக்கம் என்றான்.

காய்கறி வாங்கலாம் என்று கிளம்பி அமராவதி பாலம் வரை நடந்துவிட்டேன். தண்ணீர் நிறையப் போகிறது. படித்துறையில் துணி துவைக்கிறவர்களிடம் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். எதையாவது பார்த்தீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு மூன்று நாளாக ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லையே என்றேன். ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த ஒன்றும் இல்லைக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். திரும்பும்போது லாட்ஜ் இரண்டில் விசாரித்தேன். பேரன் பெயரைச் சொல்லவில்லை. சொந்தக்காரப் பையன் என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் காய்கறி வாங்கவில்லை என்று தெரிந்தது.

ஜூன் 26, வியாழன்

ஜபருல்லா வந்தார். பெட்டியைத் திருப்பி ஓட்டையைப் பார்த்தார். என் சேலையில் இருந்த ஊக்கையும் பார்த்தார்.

“பல்லிக்கு உங்க வீட்டுப் பெட்டி மேல அப்படி என்னங்க ஆத்தா கோவம்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிச் சமையல்கட்டுக்குப் போய் நின்றேன். காபி கலந்து எடுத்து வந்தபோது அவர் வேறெதுவும் கேட்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, மாற்றாதீர்கள் என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. பெட்டியின் சத்தம் தெரு வரைக்கும் எட்டுமா என்று கேட்டேன். சத்தம் இல்லை, சிக்னல் என்றார். பெட்டியை ஹால் மூலையிலிருந்து ஜன்னலுக்கு மாற்றி வைத்தார். கேட்டைத் தாண்டி வேப்ப மரம் வரைக்கும் போய்த் தன் போனில் பார்த்துவிட்டு, நன்றாக எடுக்கிறது என்று அங்கிருந்தே கை காட்டினார்.

போகும்முன் டேப்பில் ஒன்று போட்டுக் கொடுத்தார். பெட்டியோடு யார் யார் ஒட்டியிருக்கிறார்கள் என்று அதில் தெரியும். டிவி, காமிரா, டேப் மூன்றுக்கும் பச்சைப் பொட்டு. வந்து ஒட்டிவிட்டு வெளியே போய்விட்டால் பொட்டு சாம்பல் கலராகும், பெயர் மட்டும் இருக்கும் என்றார். ரீசெட் ஆனதில் பழையதெல்லாம் அழிந்துவிட்டது, இனிமேல் இதில் இருப்பதெல்லாம் புதிதாக வந்ததுதான் என்றும் சொன்னார்.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை அவன் மரத்தடியில் நின்றபோது, வந்திருக்கிறான் என்று எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. பெட்டி எல்லாவற்றையும் மறந்து கிடந்தது. காமிராவும் பார்க்கவில்லை. அவன் போனும் பழக்கப்பட்ட வீட்டைத் தேடிப் பார்த்திருக்கும். உள்ளே நான் ஊர்ப் பெண்களுக்கு ஒப்பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சுச் சத்தம் வேப்ப மரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த ஆள் யார் என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது. தாடி யாருக்கும் இருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

மூன்று பச்சை. தலைக்குக் குளிக்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. நான் போன நேரத்தில் வந்துவிட்டால்?

ஜூன் 28, சனி

காலையில் மாவு அரைத்துவிட்டு வந்து டேப்பைப் பார்த்தேன். டிவி, காமிரா, டேப். அதற்குக் கீழே நாலாவதாக ஒன்று, சாம்பல் கலரில். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஒவ்வொன்றாகத்தான் தெரியும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விரல் வைத்துப் படித்தேன். முதல் எழுத்து டி. அடுத்தது எச். பிறகு ஏ, ஆர். மிச்சத்தைப் படிக்க முடியாமல் கண் மறைத்துவிட்டது.

செய்திகளைத் திறந்தேன். மே மாசக் கடைசியிலிருந்து நான் அனுப்பிய அத்தனைக்கும் இரண்டு டிக். சாப்பிட்டியா, ஏன் வரலை, பூங்கோதை கேக்கறா, அபிநவ் ப்ளஸ் ஒன் சேந்துட்டான், இருமலுக்குக் கஷாயம் வெச்சுக் குடி. எல்லாம் இன்றைக்கு விடிகாலையில்தான் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உயிரோடு இருக்கிறான்.

பிறகு காமிராவில் விடிகாலையில் பதிவானதை ஓட்டிப் பார்த்தேன். முகம் விழவில்லை, அது கேட்டை மட்டும்தான் காட்டும். ஒரு கை வந்தது. என் பூட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தது. உடனே விட்டிருந்தால் கம்பியில் இடித்துச் சத்தம் கேட்டிருக்கும். விடவில்லை. பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போனது.

அந்த நேரம் நான் சமையல்கட்டில் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பூட்டைக் கழற்றி, பாழும் பூட்டு, சாவியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன். மகனுக்குப் போன் செய்தேன். இப்போதே கிளம்பி வருகிறேன் என்றான். வராதே என்றேன். நீயும் நானும் அவனைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், அவன் கால் இந்தக் கேட் வரைக்கும் வருகிறது, அது போதும் என்றேன். மகனும் அழுதான். அவன் அழுது கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

ஜூன் 29, ஞாயிறு

காலையிலேயே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை டிவி கிடையாது, ஒப்பிட்டும் கிடையாது. பூங்கோதை, பெட்டி இன்னும் சரியாகலீங்களா அக்கா என்றாள். பெட்டி நன்றாக இருக்கிறது என்றேன். என் பேரனுக்கு வேலை போய்விட்டது, ஊருக்கு வந்திருக்கிறான், அன்றைக்கு மரத்தடியில் நின்றது அவன்தான், மறுபடி பார்த்தால் யாரும் யார் என்று கேட்க வேண்டாம் என்றேன். சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனியவில்லை. அவள் உள்ளே போய் ஒரு முறம் நிலக்கடலை கொண்டு வந்து கொடுத்தாள். தம்பிக்கு அவிச்சுக் குடுங்க என்றாள்.

டிவி மேல் துண்டைப் போட்டு மூடினேன். ஹாலில் இருந்த கோட் படத்தைக் கழற்றினேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. ஆணியை எடுக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி அவனுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. விழட்டும். அவன் வேப்ப மரத்தடிக்கு வந்தால் அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். பெட்டி மறந்தாலும் எனக்கு ஞாபகம் இருக்கவேண்டும் என்று அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

தரணி சாமி, கேட்டில் பூட்டு இல்லை. ஊரைக் கூட்ட மாட்டேன். வேலை கேட்க மாட்டேன், விசா கேட்க மாட்டேன். உள்ளே வர இன்னும் மனசு வரவில்லை என்றால் வர வேண்டாம், நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். ஆனால் உன் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது, கோட்டுதான் கண்ணுக்குள் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் ஒரு படம் எடு. தாடியோடு எடு, இளைத்த மாதிரியே எடு, கசங்கின சட்டையிலேயே எடு. கேட்டில் தொங்குகிற தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போ. புதுப் படமாக ஒன்று, அவ்வளவுதான் கேட்கிறேன்.